தன் குதிரையைத் தெரியாத கவுஸ் பாஷா

அறுபதுகளின் நடுவில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினோரு ஜட்கா வண்டிகள் நிற்கும். பத்து வண்டிகள் சவாரிக்காக நின்றன. பதினொன்றாவது வண்டி, அதாவது கவுஸ் பாஷாவின் வண்டி, ஊர் பார்ப்பதற்காக நின்றது. அப்படித்தான் கவுஸ் பாஷா நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆள் குள்ளம், ஒல்லி. மீசை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். சவாரி கேட்டு யாராவது வந்தால் முதலில் அவர்கள் மூட்டையைப் பார்ப்பார், பிறகு செருப்பைப் பார்ப்பார், கடைசியாகத்தான் முகத்தைப் பார்ப்பார். பூசணிக்காய் மூட்டையோடு வந்த ஒரு அம்மாளை, "இதுக்கெல்லாம் வெங்கடாசலம் வண்டி இருக்குதும்மா, அதுல ஏறிக்கோ" என்று அனுப்பிவைத்தவர். பக்கத்தில் நின்ற வெங்கடாசலத்துக்கு அது அவமானமா, சவாரியா என்று முடிவு செய்யவே ஒரு நாள் ஆனது.

இத்தனை மிடுக்குக்கும் காரணம் மோத்தி. மோத்தி என்றால் முத்து என்று அர்த்தம், குதிரையோ மைக்கூடு. அந்தியூர் சந்தையில் குட்டியாகப் பிடித்து வந்தது. நெற்றியில் பொட்டு இல்லை, குளம்புக்கு மேல் வெள்ளை இல்லை, உடம்பில் தேடினாலும் ஒரு நரை இல்லை. வெயிலில் நின்றால் முதுகு நீலமாக மின்னும். தினம் ஊறவைத்து வேகவைத்த கொள்ளு, தவிடு, ஒரு கைப்பிடி உப்பு, எலுமிச்சையளவு வெல்லம் என்று கவுஸ் பாஷா வூட்டில் மனிதர்களைவிட நேரத்துக்குச் சாப்பிட்டது மோத்திதான்.

"நல்ல தீனி போடறீங்க பாய், அதான் இப்படி மின்னுது" என்று யாராவது சொல்லிவிட்டால் கவுஸ் பாஷாவுக்குப் பொறுக்காது.

"தீனியா? நிறம் ரத்தத்துல வர்றதுப்பா. வெள்ளைக்காரனுக்கு நம்மூரு களியும் கீரையும் போட்டா கறுத்துடுவானா?"

இந்தக் கேள்விக்கு ஸ்டாண்டில் யாரிடமும் பதில் இல்லை. ஆகவே அது சட்டமாகவே ஆகிவிட்டது.

நிறத்தைவிடப் பெரிய புகழ் மோத்தியின் கழுத்தில் இருந்தது. தாடைக்குக் கீழே, கழுத்தின் நடுவில், எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு மயிர்ச்சுழி. அந்த இடத்தில் சுழி இருந்தால் தேவமணி என்பார்கள். அந்தக் குதிரை வாசலில் மிதித்தால் வூடு விளங்கும் என்பது குதிரை பார்க்கிறவர்கள் பேச்சு. அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று எங்கே கல்யாணம் நடந்தாலும், இந்து வூடானாலும் முஸ்லிம் வூடானாலும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தேவமணிக் குதிரைதான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள்.

அந்தச் சுழியைக் கடவுள் வைக்கவில்லை. கவுஸ் பாஷா வைத்தார்.

ஆரம்பத்தில் அது ஒரு நாள் கூத்துதான். அரூர் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர், "சுழி இருக்குதா?" என்று கேட்டார். இவர் வாய் சும்மா இருக்காது. "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டது. சொன்ன வாயைக் காப்பாற்ற, விளக்கெண்ணெயைத் தொட்டு, கட்டைவிரலால் அந்த இடத்து மயிரைச் சுழற்றிச் சுழற்றிப் படியவைத்தார். ஊர்வலம் முடியும் வரை அது நின்றது. அடுத்த கல்யாணத்துக்கும் வைத்தார். பிறகு தினமும் அதிகாலைத் தொழுகைக்குப் போகும் முன் வைத்தார். எட்டு வருஷம் ஒரு மயிரை ஒரே பக்கம் தேய்த்தால் அதுவும் என்ன செய்யும், பழகிக்கொண்டது. அவரும் பழகிக்கொண்டார். "ஆண்டவன் குடுத்தது, நான் சும்மா படிய வாரி விடறேன்" என்று மனைவி ஷகிலாவிடமே சொல்லும் அளவுக்குப் போனார். எண்ணெய்ச் சீசாவை மாதம் ஒரு முறை நிரப்பிவைக்கும் ஷகிலா மட்டும் அவரை ஒரு பார்வை பார்ப்பாள்.

அறுபத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் பள்ளிவாசலில் கைகால் கழுவும் தொட்டிப் படியில் வழுக்கி விழுந்து கவுஸ் பாஷாவின் கால் எலும்பு முறிந்தது. குதிரைக்காரன் படியில் விழுந்தான் என்றால் அவருக்குக் கேவலம். குதிரையிலிருந்து விழுந்தான் என்றால் குதிரைக்குக் கேவலம். எதைச் சொல்வது என்று தெரியாமல், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களையெல்லாம் திட்டினார். ஷகிலாவின் தாய்வூடு காவேரிப்பட்டணம். அங்கே கட்டுப் போடுகிறவர் இருந்ததால் புருஷனும் பெண்சாதியும் அங்கே போய்த் தங்கினார்கள். ஒன்றரை மாதத்தில் கட்டுப் பிரிக்க வேண்டியது. இவர் பத்தாம் நாளே எழுந்து நடந்து காட்டினார். மறுபடி முறிந்தது. ஒன்றரை மாதம் எட்டு மாதம் ஆனது.

மோத்தியைத் தங்கை ஜான் பீயிடம் விட்டிருந்தார். ஜான் பீ வாழ்க்கைப்பட்டது நல்லம்பள்ளியில். புருஷன் முனாப், பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். வூடு வூடாகப் போய்ப் பித்தளைக் குண்டாவும் அண்டாவும் வாங்கி வந்து, மரத்தடியில் துருத்தி வைத்து ஊதி, உள்ளே வெள்ளி மாதிரி பூசித் திருப்பிக் கொடுப்பார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஒன்றரை மூட்டைக் கொள்ளும் ஒரு மணி நேரம் புத்திமதியும் கொடுத்துத்தான் குதிரையை ஒப்படைத்தார் கவுஸ் பாஷா. எப்போது தண்ணீர், எப்போது தேய்ப்பு, எந்தப் பக்கம் கட்டுவது என்று எல்லாம் சொன்னார். விளக்கெண்ணெய் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் குதிரை பார்க்க வந்து நின்றார்கள். சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வத்தல்மலைக்கு மேலே கூடிய மேகமெல்லாம் அப்படியே கர்நாடகப் பக்கம் போனது. கடைகளில் கொள்ளு இல்லை. நல்லம்பள்ளியில் புல்லும் இல்லை.

ஐப்பசியில் ஒரு கையில் தடியோடு கவுஸ் பாஷா தர்மபுரி வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் முனாப் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். ஸ்டாண்டே கூடி நின்றது.

வந்த குதிரை கறுப்பில்லை. பழைய தகரக் கொட்டகை மேல் படியும் துருவின் நிறம். மயிர் நீண்டு, பளபளப்பே இல்லாமல் சிலிர்த்து நின்றது. விலா எலும்பை எண்ணலாம்.

"இது யாரு குதிரை?" என்றார் கவுஸ் பாஷா.

"என்ன மச்சான் இப்படிக் கேக்கறீங்க? நம்ம மோத்திங்க" என்றார் முனாப்.

குதிரை நேரே வந்து கவுஸ் பாஷாவின் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டது. அந்தப் பையில்தான் வெல்லம் இருக்கும்.

"பாத்தீங்களா, அதுக்கு உங்களத் தெரியுது!" என்றார் வெங்கடாசலம்.

"எல்லாக் குதிரையும்தான் வெல்லம் தின்னும். தள்ளுப்பா அந்தாண்ட."

தடியை ஊன்றிக்கொண்டு சுற்றி வந்தார். தாடையைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். சுழி இல்லை. அங்கேயும் மயிர் சிலிர்த்துத்தான் நின்றது. அந்த நிமிஷம் கவுஸ் பாஷா பட்ட பதற்றம் நடிப்பில்லை. எட்டு வருஷம் ஊரை ஏமாற்றியதில் அவரும் ஏமாந்து போயிருந்தார். அவருக்கு வந்த முதல் நினைப்பு விளக்கெண்ணெய் இல்லை. ஐயோ, என் குதிரை போச்சே என்பதுதான்.

"சுழி எங்கடா? என் தேவமணி எங்க? குதிரைய மாத்திட்டான்யா! என் தங்கச்சி புருஷன் என் குதிரைய வித்துட்டு எவனோ கழிச்சு விட்ட மட்டக் குதிரையக் கொண்டாந்து கட்டறான்யா!"

முனாப்புக்கு வாய் திறந்து மூடியது. பேசாத மனிதன் பேசாமல் நின்றால் குற்றவாளி மாதிரித்தான் இருப்பான். கயிற்றை வண்டிச் சக்கரத்தில் கட்டிவிட்டு, வந்த வழியே நல்லம்பள்ளிக்கு நடந்து போனார்.

பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று நாளில் நல்லம்பள்ளி, தொப்பூர், பாளையம் வரைக்கும் 'குதிரைய மாத்துன முனாப்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கறுப்புக் குதிரையையே மாற்றுகிறவன் பித்தளைக் குண்டாவை மாற்ற மாட்டானா? சாலம்மாள் என்ற பெண்மணி, பூசிக்கொண்டு போன அண்டாவைத் திருப்பி எடுத்து வந்து, "இது எங்க அண்டாதானா, சத்தியம் பண்ணு" என்று முனாப்பின் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அண்டாவின் அடியில் அவள் மாமனார் பெயர் வெட்டியிருந்தது. "பேர வெட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?" என்றாள். அதன் பிறகு யாரும் பாத்திரம் கொடுக்கவில்லை. துருத்தி மூலையில் கிடந்தது.

தர்மபுரியிலும் விவகாரம் ஓயவில்லை. ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் வெங்கடாசலம்தான் குதிரையை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகச் சொன்னார். அங்கே டாக்டர் சவுரியப்பன். பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், மயிரைப் பிரித்துத் தோலைப் பார்த்தார்.

"எட்டு மாசம் என்ன தீனி போட்டாங்க?"

முனாப்புக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். முனாப் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்று சொன்னார். "கொள்ளு இருந்த வரைக்கும் கொள்ளுங்க. அப்பறம் சேகோ பாக்டரி திப்பிதாங்க. வேற ஒண்ணும் கெடைக்கல."

மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவைப் பிழிந்துகொண்ட பிறகு மிஞ்சும் சக்கைக்குத்தான் திப்பி என்று பெயர். ஜவ்வரிசி ஆலைகளின் முற்றத்தில் காயும்.

"அதான்" என்றார் டாக்டர். "திப்பியில வயிறு நெறையும், சத்து இருக்காது. மயிருங்கறதே சத்துதான். உள்ள சத்து இல்லேன்னா கறுப்பு மயிரு கறுப்பாவே வளராது. வெயில் வேற பட்டா வெளுத்துத் துரு மாதிரி ஆயிடும். இது கறுப்புக் குதிரைதான்யா. கொள்ளு போடு, எள்ளுப் புண்ணாக்கு போடு, குதிரைமசால் புல்லு கெடைச்சா போடு. ஏற்கெனவே வெளுத்த மயிரு மாறாது. அது உதிர்ந்து புதுசு வரும்போது கறுப்பா வரும். நாலு மாசம் பாரு."

"நிறம் ரத்தத்துல..." என்று ஆரம்பித்தார் கவுஸ் பாஷா.

"ரத்தம் எதுல வருது?" என்றார் டாக்டர்.

ஸ்டாண்டின் சட்டம் அன்றைக்கு உடைந்தது. ஆனாலும் கவுஸ் பாஷா விடவில்லை. சாட்சிக்காகத்தான் குதிரையை வைத்திருக்கிறேன், சொந்தம் கொண்டாடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுத் தீனி போட ஆரம்பித்தார். மோத்தி என்று கூப்பிடவும் இல்லை. "ஏய், சாட்சி" என்று கூப்பிட்டார். கறுப்பு வர வேண்டுமானால் கறுப்பாகத்தான் தின்ன வேண்டும் என்று சுண்ணாம்பு வியாபாரி பச்சியப்பன் யோசனை சொன்னார். கறுப்பு எள், கறுப்பு உளுந்துத் தொலி, கருப்பட்டி என்று தேடித் தேடிப் போட்டார் கவுஸ் பாஷா. வெள்ளை நிறம் குதிரையின் கண்ணிலேயே படக்கூடாது என்று அடுத்த வூட்டுக்காரி கோலம் போடுவதைக்கூட நிறுத்தப் பார்த்தார். "பச்சப் புல்லத் தின்னுட்டுத்தானே எருமை வெள்ளையா பால் கறக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் பாதிக் கோலத்தைத் தொடர்ந்தாள்.

தை பிறந்தபோது குதிரையின் தோள்பட்டையில் துரு உதிர்ந்து ஒரு கையகலம் கறுப்புத் தெரிந்தது. பிறகு கழுத்து, பிறகு முதுகு. நடுவில் கொஞ்ச காலம் வரைபடம் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. பார்க்கிற பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். மாசிக் கடைசியில் நீலம் மின்னியது. ஒரு நாள் காலையில் தேய்த்துவிடும்போது அவர் வாய் தன்னை அறியாமல் "மோத்தி" என்றது. குதிரை காதைத் திருப்பியது. கவுஸ் பாஷா அதன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு சிறிது நேரம் அழுதார். தன் குதிரை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உண்மையில் டாக்டர் சொன்ன அன்றைக்கே பாதி தெரிந்ததுதான்.

ஆனால் ஸ்டாண்டுக்குப் போனால் வெங்கடாசலம் குதிரையின் தாடையைத் தூக்கிப் பார்த்தார்.

"கறுப்பு வந்துடுச்சு பாய். சுழி எங்க?"

வெங்கடாசலம் விடுகிற ஆளில்லை. டாக்டரிடமே போய்க் கேட்டு வந்தார். தீனியால் நிறம் போகும், வரும். சுழி பிறப்பில் வருவது, தீனியால் மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப இது வேற குதிரைதான்! நீங்க சொன்னது சரிதான் பாய். முனாப் இன்னொரு கறுப்புக் குதிரையப் பட்டினி போட்டுக் கொண்டாந்துருக்கான்!" என்று வெங்கடாசலம் அவருக்காகவே ஆத்திரப்பட்டார். எல்லாரும் கவுஸ் பாஷாவின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள்.

ஒரே வார்த்தையில் தீர்கிற விஷயம். அந்த வார்த்தையைச் சொன்னால் எட்டு வருஷத்துக் கல்யாணமெல்லாம் எழுந்து வந்து வாசலில் நிற்கும். பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளிலேயே அவ்வளவு நாள் வாயை மூடியிருந்ததில்லை.

பதினோராம் நாள் ஷகிலா எண்ணெய்ச் சீசாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "நல்லம்பள்ளில இன்னிக்கு சந்தை. ஜான் பீயப் பாத்துட்டு வாங்க. இதயும் எடுத்துட்டுப் போங்க." வண்டியில் தங்கள் வூட்டுப் பெரிய பித்தளை அண்டாவையும் அவளே ஏற்றிவைத்தாள். கவுஸ் பாஷா மோத்திக்கென்று ஒரு மூட்டைக் கொள்ளை ஏற்றிக்கொண்டார்.

ஜான் பீ அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தது அவள் மகள், எட்டு வயது வஹிதா. மாமாவைவிட்டுக் குதிரையிடம் ஓடி, "மோத்தி கறுப்பாயிடுச்சு!" என்று குதித்தாள். வெயில் அவள் தலையில் விழுந்தது. போன வருஷம் இடுப்பு வரை கருகருவென்று பின்னிவிட்டிருந்த பெண். இப்போது மயிர் மெலிந்து, காய்ந்து, செம்பட்டையாகப் பறந்தது. ஐப்பசியில் முனாப் நடத்தி வந்த குதிரையின் நிறம்.

குதிரையின் ஒவ்வொரு மயிரையும் நாலு மாதம் எண்ணிப் பார்த்த மனிதர், குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"ஜானு" என்றார். "நான் குடுத்த கொள்ளு..."

கதவுக்குப் பின்னாலிருந்து ஜான் பீயின் பதில் வந்தது. "உன் குதிரைக்குத்தான் போட்டோம். புள்ளைங்க கேட்டாங்க. மாமாவோடதுன்னு சொல்லி ஒரு கைகூட எடுக்கல. தீந்ததுக்கு அப்பறம் நாங்க மரவள்ளி தின்னோம், அது அதோட திப்பியத் தின்னுச்சு. இப்ப நாங்க தின்ன அதும் இல்ல. யாரு பாத்திரம் குடுக்கறாங்க?"

கவுஸ் பாஷா கொள்ளு மூட்டையை இறக்கி வாசலில் வைத்தார். நொண்டிக்கொண்டே குதிரையைச் சந்தை நடுவுக்கு ஓட்டிப் போனார். வண்டி மேல் ஏறி நின்று கத்தினார்.

"எல்லாரும் வாங்க! தேவமணி பாக்க வாங்க!"

கத்தரிக்காய்க் கடை, கருவாட்டுக் கடை, வளையல் கடை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஜனம் வந்தது. கவுஸ் பாஷா கீழே இறங்கி, சீசாவைத் திறந்து, கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு, மோத்தியின் கழுத்தில் சுழற்றினார். எட்டு வருஷப் பழக்கம். ஒரு நிமிஷத்தில் அழகான சுழி விழுந்தது. துணியால் அழுத்தித் துடைத்தார். சுழி போனது. மறுபடி வைத்தார். மறுபடி துடைத்தார்.

"பாத்துக்கோங்க. நான்தான் வெச்சேன். முனாப் எந்தக் குதிரையும் மாத்தல. திருட்டுப்பய நான்தான்."

சந்தையில் எழுந்த சிரிப்பில் மோத்தியே மிரண்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு சென்னப்பன் என்றொருவர் முன்னால் வந்தார். "யோவ் பாய், என் கல்யாணத்துக்கு இதே குதிரையிலதான்யா வந்தேன். சுழி பொய்யின்னா என் கதி என்னய்யா?"

"உனக்கு எத்தன புள்ளைங்க?"

"நாலு."

"அப்பறம் என்னய்யா? எண்ணெய் நல்லாத்தான் வேல செஞ்சிருக்குது!"

அதற்கப்புறம் கவுஸ் பாஷாவின் குதிரையில் எந்த மாப்பிள்ளையும் ஏறவில்லை. எழுபத்தைந்தாம் வருஷம் ஜட்கா ஸ்டாண்டை எடுக்கும் வரை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் பூசணிக்காய் மூட்டைகளையும்தான் ஏற்றினார். செருப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அன்றைக்குச் சந்தை கலைந்ததும் முனாப் வூட்டு வாசலுக்குத் தன் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். முனாப் அண்டாவை வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, மரத்தடியில் கரி மூட்டினார். துருத்தி பிடிக்க ஆள் இல்லாததைப் பார்த்துக் கவுஸ் பாஷா முறிந்த காலை நீட்டி உட்கார்ந்து தானே ஊத ஆரம்பித்தார். மீசையெல்லாம் கரி. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "மெதுவா ஊதுங்க மச்சான், ஈயம் கருவுது" என்றார் முனாப். அந்த ஐப்பசிக் காலைக்குப் பிறகு மச்சானிடம் அவர் பேசிய முதல் பேச்சு. சாலம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வூட்டுக்குப் போய் இரண்டு குண்டாக்களைத் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனாள். சத்தியம் எதுவும் கேட்கவில்லை.

பொழுது சாயும் முன் ஜான் பீ கொள்ளை வேகவைத்து, களி கிண்டி, எல்லாருக்கும் தட்டு வைத்தாள். அண்ணனுக்கும் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். கவுஸ் பாஷா தட்டைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்த வஹிதாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் மாமா, இது மோத்தியோட கொள்ளாச்சே?" என்று கேட்டாள் வஹிதா.

"உன்னோடதுதான் கண்ணு, நீ தின்னு" என்றார். அவள் தட்டை வழித்துவிட்டு, அம்மாவைப் பயத்தோடு பார்த்து, இன்னொரு முறை தட்டை நீட்டினாள். ஜான் பீ கைநிறைய அள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகுதான் கவுஸ் பாஷா தன் தட்டில் கை வைத்தார்.